கடிபட்ட கறிவேப்பிலை



போன மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மாடியில் தொட்டியில் வைத்து மூன்று வருடமாக வளர்த்து வரும் கறிவேப்பிலைச் செடி, பொங்கல் கழிந்ததும் தளதளவென்று துளிர்த்ததாம். நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் துளிரெல்லாம் காணோம், ஈர்க்குதான் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தபோது விரல் தடிமனில் நான்கு பச்சைப் புழுக்கள். என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தார். கோபமாகக் கேட்கவில்லை, மனம் உடைந்து கேட்டிருந்தார். செடி வளர்க்கிறவர்களுக்கு அந்த வருத்தம் தெரியும்.

அன்றைக்கே ஓர் அஞ்சலட்டையில் பதில் எழுதினேன்: மருந்து எதுவும் வேண்டாம், பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், செடி மறுபடி துளிர்க்கும். அஞ்சலட்டையில் அவ்வளவுதான் எழுத இடம் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்குவதற்கு இந்த மாதம் என் பக்கம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

அந்தப் புழுக்கள் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் நெருங்கிய உறவான எலுமிச்சை அழகியின் பிள்ளைகள். இரண்டும் நம் ஊர்த் தெருக்களில் அன்றாடம் பறப்பவைதான். கருஞ்சிறகின் நடுவே வெள்ளைப் பொட்டுகள் ஒரு வரிசையாக ஓடினால் அது கறிவேப்பிலை அழகியின் ஆண். பெண்ணில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகை, சிவப்புப் புள்ளி போட்ட ரோஜா அழகியின் வேடத்தில் வரும். ரோஜா அழகி ஆடுதின்னாப்பாளை இலையைத் தின்று வளர்வது. ஆடே தொடாத அந்த இலையின் நஞ்சு பூச்சியின் உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தின்பதில்லை. நஞ்சே இல்லாத நம் கறிவேப்பிலை அழகி, அந்தச் சிறகைப் போல ஒரு சிறகை அணிந்துகொண்டு தப்பித்துக்கொள்கிறது. இத்தனையும் உங்கள் வீட்டுத் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நடக்கிறது.

முட்டையிட வரும் தாய்ப்பூச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் இலைமேல் இறங்கும், முன்னங்காலால் தட்டும், பறக்கும், அடுத்த இலையைத் தட்டும். அதற்குக் காலில்தான் சுவை தெரியும். இது என் பிள்ளை தின்னக்கூடிய இலைதானா என்று காலால் ருசி பார்த்து, சரிதான் என்று தெரிந்தால் மட்டும் கடுகைவிடச் சின்னதாக ஒரே ஒரு மஞ்சள் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். மூன்று நான்கு நாளில் புழு வெளியே வரும். முதலில் காக்கை எச்சம் போலவே தோற்றம். எச்சத்தை எந்தக் குருவி கொத்தப் போகிறது? வளர்ந்து தோல் உரித்த பிறகுதான் பச்சை நிறம். அப்போது விரலால் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு இரண்டு நீண்டு ஒரு நெடி கிளம்பும். அந்த நெடியைத் தவிரக் கடிக்கவோ கொட்டவோ அதற்குத் தெரியாது.

எனக்கு இருபது வயது இருக்கும்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சை மரத்துக்கும் கொய்யாவுக்கும் கடையில் வாங்கிய பூச்சிமருந்தை நானே அடித்தேன். அம்மா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. புழுக்கள் எல்லாம் விழுந்தன. கொய்யா மரத்தில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்து தையல்சிட்டு ஒன்று கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள் இருந்தன. நான்கு நாள் கழித்துக் கூட்டில் சத்தம் இல்லை. மருந்தால் செத்தனவா, தீனியில்லாமல் செத்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாய்க்குருவி அதற்கப்புறமும் இரண்டு நாள் அந்த இலைப்பையைச் சுற்றிச் சுற்றிக் கூவிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

குருவிக்குத் தானியமும் தேன்சிட்டுக்குத் தேனும் போதும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய பறவைக்குப் போதலாம், குஞ்சுக்குப் போதாது. சிட்டுக்குருவியும் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் தங்கள் குஞ்சுகளுக்கு ஊட்டுவது புழுவும் சிலந்தியும் சின்னப் பூச்சியும். அமெரிக்காவில் டக்ளஸ் டாலமி என்ற பூச்சியியல் பேராசிரியர் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். நம் சிட்டுக்குருவியைவிடச் சிறிதான சிக்கடீ என்ற பறவை, ஓர் ஈட்டுக் குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறக்கும்வரை 6,000 முதல் 9,000 புழுக்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. மூன்று வாரத்துக்குள் அத்தனை நடை! அத்தனை புழுவும் அந்தக் கூட்டைச் சுற்றியுள்ள மரம் செடிகளிலிருந்தே வர வேண்டும். நம் குருவிகளின் கணக்கு கொஞ்சம் கூடலாம், குறையலாம். புழுவில்லாத தெருவில் குஞ்சு பிழைக்காது என்பது மட்டும் எங்கும் ஒன்றுதான். முற்றத்தில் அரிசி போட்டும் மண்சட்டியில் தண்ணீர் வைத்தும் சிட்டுக்குருவி வரவில்லையே என்று வருந்துகிறவர்கள், பக்கத்தில் கடிபட்ட இலை ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

காட்டுயிர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவு வருவது ஊசுடு ஏரி. 2008இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நாரையும் நீர்க்கோழியும் காட்டிவிட்டு வருகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் புதுச்சேரியின் அடையாளங்களாக 2007இல் எவற்றை அறிவித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். விலங்கு அணில். பறவை குயில். மரம் வில்வம். மலர் நாகலிங்கம். புலியோ யானையோ மலையுச்சி மலரோ இதில் இல்லை. நான்கும் வீட்டுக்கொல்லையிலும் கோயில் பிரகாரத்திலும் இருப்பவை. எங்கள் காட்டுயிர் வீட்டோடு வாழ்வது என்று இந்த ஊர் தானே சொல்லிக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதில் பெருமை உண்டு.

அந்த நான்கும் என்ன கேட்கின்றன என்று பார்த்தால் தோட்டம் போடுவதே பாதி புரிந்துவிடும். வில்வம் எலுமிச்சைக் குடும்பத்து மரம், அதன் துளிரும் அழகிகளின் பிள்ளைகளுக்கு உணவு. சிவனுக்கு அர்ச்சனை செய்த இலையில் புழு கடித்த ஓட்டை இருந்தால் அர்ச்சகர் ஒதுக்கி வைப்பார், மரம் ஒதுக்காது. அணிலுக்குக் கூடு கட்ட நார் வேண்டும். எங்கள் அலுவலக வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடி ஒரே மாதத்தில் ஒரு பக்கம் மொட்டையானது. யாரோ பிய்க்கிறார்கள் என்று தேடினால், வாய்கொள்ளாத நாரோடு வேப்பமரத்தில் ஏறிக்கொண்டிருந்தது அணில். பழைய மிதியடியை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினோம்.

குயிலுக்குக் காக்கை வேண்டும், ஏனென்றால் அது முட்டையிடுவது காக்கைக் கூட்டில். காக்கை கூடு கட்ட உயரமான மரம் வேண்டும். குயில் தின்ன ஆலும் அரசும் வேம்பும் பழுக்க வேண்டும். ஒரு குயில் கூவுவதற்குள் எத்தனை பேர் சேர வேண்டியிருக்கிறது! 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கரையைக் கடந்தபோது நகரத்தின் பெரிய மரங்கள் தெருத்தெருவாகச் சாய்ந்தன. அடுத்த சித்திரையில் எங்கள் தெருவில் விடியற்காலை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாரதி இங்கிருந்த பத்தாண்டில் குயில் பாட்டு எழுதிய ஊர் இது. பாரதிதாசன் தம் பத்திரிகைக்கே குயில் என்று பெயர் வைத்த ஊர். பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் அந்தப் பெயரின்மேல் எனக்குக் கொஞ்சம் ஆசையும் உண்டு.

நாகலிங்கம் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். வந்த இடத்தில் அதற்கு வாய்த்த துணை நம் கருவண்டு. கன்னங்கரேலென்று, மினுமினுக்கும் நீலச் சிறகோடு ரீங்காரமிட்டு வருமே, அந்தத் தச்சுத்தேனீதான். நாகலிங்கப்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும். லிங்கத்தைக் கவிந்த நாகப்படத்துக்குக் கீழே நுழைந்து முதுகெல்லாம் மகரந்தம் பூசிக்கொண்டு வெளியே வரும். அந்த வண்டு குடியிருப்பது காய்ந்த மரத்திலும் பழைய மூங்கிலிலும் தானே துளைத்த பொந்தில். நாம் முதலில் வெட்டி அகற்றுவதும் அந்தக் காய்ந்த கிளையைத்தான். யார் தலையிலும் விழாத இடத்தில் ஒரு பட்ட கட்டையையோ இரண்டு முழம் மூங்கிலையோ விட்டுவையுங்கள், அது வண்டுக்கு வீடு.

ஒரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். உலகப் பறவையியலில் இரண்டு பறவைகளின் அறிவியல் பெயரிலேயே நம் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஒன்று கௌதாரி, இன்னொன்று காட்டுக்கீச்சான். இரண்டின் பெயரும் 'பாண்டிசெரியானஸ்' என்று முடியும். பதினெட்டாம் நூற்றாண்டில் பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இங்கே வந்து, இங்கே பார்த்த பறவைகளை வர்ணித்து எழுதினார். அதை வைத்து ஜெர்மன் அறிஞர் கிமெலின் 1789இல் இந்தப் பெயர்களைச் சூட்டினார். கௌதாரியை இலாஸ்பேட்டை மேட்டில் தன் சின்ன வயதில் தினம் கேட்டதாக என் தந்தை சொல்வார். விடிந்ததும் 'கதீதர் கதீதர்' என்று ஒன்று கத்தினால் நாலு பக்கமும் பதில் வருமாம். அந்த மேடு இன்று முழுக்க வீடு. ஊர்ப்பெயரைச் சுமக்கும் பறவையை ஊருக்குள் தேட முடியவில்லை. கௌதாரிக்குத் தொட்டிச்செடி உதவாது, அதற்கு முட்புதர் வேண்டும்.

முட்புதர் என்றதும் இன்னொன்று. 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபோது அவர் படையை முதலில் தடுத்தது கல்கோட்டை அல்ல, ஓர் உயிர்வேலி. பனையும் கற்றாழையும் கள்ளியும் முட்செடிகளும் நெருக்கிப் பின்னிய அந்த வேலி வடக்கே கடற்கரையில் தொடங்கி, வில்போல ஊரை வளைத்து, தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரை வரை போனது. அந்த வேலி கைமாறிய பிறகுதான் ஊர் நெருக்கப்பட்டு, 1761 ஜனவரியில் வீழ்ந்தது. வரலாற்று ஆசிரியர்களுக்கு அது காவல் அரண். எனக்கோ, அந்த வேலிக்குள் எத்தனை கௌதாரி அடைந்திருக்கும், எத்தனை கீரியும் ஓணானும் குடியிருந்திருக்கும் என்றுதான் எண்ணம் போகிறது. நம் பாட்டன் பாட்டிமார் காலம்வரை வீட்டுக்கொல்லைக்கும் உயிர்வேலிதான். கிளுவை, நொச்சி, ஆடாதோடை, களா. இன்று மதிற்சுவர். கொல்லையில் ஒரு பக்கமாவது சுவருக்கு உள்புறம் களாவும் நொச்சியும் வரிசையாக வைக்க இடம் இருப்பவர்கள் தயவுசெய்து வையுங்கள். களாப்பூ மணக்கும், பழம் கொண்டைக்குருவிக்கும் உங்கள் ஊறுகாய்க்கும் ஆகும், முள்ளுக்குள் கட்டிய கூட்டைப் பூனை தொடாது.

நம் ஊரின் தோட்டங்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. தாவரவியல் பூங்காவை பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் அமைத்தார்கள், 2026ஓடு இருநூறு ஆண்டு. எந்த நாட்டுச் செடி இந்த மண்ணில் பிழைக்கும் என்று சோதித்துப் பார்ப்பது அந்தக் காலத்துப் பூங்காக்களின் வேலை. வெள்ளை நகரத்துச் சுவரெல்லாம் வழியும் காகிதப்பூவும் அப்படி வந்ததுதான். பூகேன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவருடைய கப்பல் பயணத்தில் போன கொமெர்சோன் என்ற தாவரவியலாளர் 1767இல் பிரேசிலில் அதைக் கண்டு எடுத்தார். அவருக்கு உதவியாளராக ஆண்வேடத்தில் கப்பலேறியவர் ழான் பாரே என்ற பெண், உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். துய்மா வீதியில் அந்தப் பூவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

காகிதப்பூவை வெட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் முட்கொடிக்குள் கொண்டைக்குருவி நிம்மதியாகக் கூடு கட்டுகிறது. ஆனால் அதன் இலையை நம் அழகிகளும், வரியன் என்ற வேறு வண்ணத்துப்பூச்சிகளும் தின்று நான் பார்த்ததில்லை. வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும், பிள்ளைக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த இலைதான் வேண்டும். பூ மட்டும் வைத்த தோட்டம் காப்பிக்கடை மாதிரி, வருவார்கள், குடிப்பார்கள், போய்விடுவார்கள். குடியிருக்க வேண்டுமானால் இலை வேண்டும்.

அந்த இலைகள் எங்கிருந்து வந்தவை என்று பார்க்க ஆசைப்பட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கீழ்ப்புத்துப்பட்டுக்குப் போங்கள். அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு நிற்கிறது. இந்தக் கடலோரம் முழுவதும் ஒருகாலத்தில் இருந்த காட்டின் மிச்சம் அது. வெயில் காலத்திலும் பச்சை குறையாத, அதிக உயரமில்லாமல் அடர்ந்து நிற்கும் காடு. வீரை, காசான், பாலை, காரை, களா, காட்டெலுமிச்சை எல்லாம் இந்தக் காட்டு வகையின் பிள்ளைகள். சாமி குத்தம் ஆகிவிடும் என்று சுள்ளிகூடப் பொறுக்காமல் விட்ட மக்கள்தான் இதைக் காத்தார்கள். 1955இல் தொடங்கிய நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் இந்த மரங்களின் இலையும் பூவும் தாளில் ஒட்டிப் பத்திரமாக இருக்கின்றன. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது செம்மண் அரித்துப் பள்ளமாய்க் கிடந்த மேட்டில், முதலில் நிழலுக்கு எதையெதையோ நட்டவர்கள் பிறகு இந்தக் கோயில்காடுகளில் விதை பொறுக்கித்தான் உள்ளூர்க் காட்டை வளர்த்தார்கள். பிச்சாண்டிக்குளத்துக் காட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். தலைமுறை ஒன்றுக்குள் வெறும் மண் இப்படி ஆகுமா என்று நான் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காட்டெலுமிச்சை என்றேனே, அதன் இலையும் கறிவேப்பிலை அழகியின் பிள்ளைக்கு உணவு. முத்தியால்பேட்டை மாடியில் தொட்டியைத் தேடி வந்த பூச்சி, காடு போன பிறகு சமையலுக்கு வளர்க்கும் செடியை நம்பி வந்த பழைய குடி.

இனி, உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? நிறைய இடமோ பணமோ வேண்டாம். கறிவேப்பிலை ஒன்று வைத்திருந்தால் இன்னொன்று வையுங்கள், ஒன்று ரசத்துக்கு, ஒன்று அழகிக்கு. ரசத்துச் செடியில் புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளி மற்றதில் விடலாம். தேங்காய்ப்பாதி அளவு இடத்தில் பருப்புக்கீரை விடுங்கள், தொட்டி ஓரத்தில் ஆடுதின்னாப்பாளை தானாக முளைத்தால் களையென்று பிடுங்காதீர்கள். கடலோரத்து உப்புக்காற்றில் ரோஜா கருகுகிறது என்று குருசுக்குப்பத்திலிருந்தும் வம்பாக்கீரப்பாளையத்திலிருந்தும் எழுதுகிறீர்கள். அங்கே அரளி வையுங்கள், எருக்கை விடுங்கள், இடம் இருந்தால் பூவரசும் புன்னையும். எருக்கிலையில் வெந்தயவரியன் வளரும். அரளி இலைக்கு அடியில் வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு தொங்கும். அதைக் கண்டால் விடமாட்டீர்கள், வெள்ளியில் வார்த்து மெருகு போட்ட ஜிமிக்கி. அரளியும் எருக்கும் மனிதருக்கும் மாட்டுக்கும் நஞ்சு என்பதால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். சரக்கொன்றை ஒரு மரம் இருந்தால் சித்திரையில் உங்களுக்குப் பொன்பூ, கொன்னை வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சிக்குக் குடும்ப வீடு. மழைக்குப் பிறகு வரும் நீலவரியன் கூட்டம் கிலுகிலுப்பைச் செடியையும் தேள்கொடுக்கையும் மொய்க்கும். அவற்றின் ஆண்கள் அந்தச் செடிகளின் சாற்றிலிருந்துதான் துணையை அழைக்கும் மணத்தைச் சேர்க்கின்றன. தரிசு மனைகளில் இரண்டும் கிடைக்கும், ஒரு கை விதை போதும். ஆடியில் விதைத்துவிட்டால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் வைப்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் ஊரில் 1975 முதல் நோய்பரப்பும் கொசுக்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது, டெங்கு நமக்குப் புதிதல்ல. டெங்குக் கொசு பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் பட்டு ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் பறவைச் சட்டியில் தண்ணீர் மாற்றினால் போதாது, இரண்டு நாளுக்கு ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து, பிறகு ஊற்ற வேண்டும். தட்டையான சட்டி, நடுவில் ஒரு கல், விரற்கடை ஆழம். அது குருவிக்கும் தேனீக்கும் போதும்.

பாம்பு வருமே என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். வாசலையும் நடைபாதையையும் கூட்டிச் சுத்தமாக வைத்துக்கொண்டு, கொல்லையின் கடைசி மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். எலி வராமல் குப்பையை மூடிவைத்தால் பாம்பும் பெரும்பாலும் வராது. வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், கம்பை எடுக்காதீர்கள்.

விட்டுவைப்பது என்றதும் எங்கள் தெருவிலிருந்த சொல்தா தாத்தாவின் நினைவு வருகிறது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்போம் அல்லவா? எங்கெங்கோ போய்விட்டு வந்தவர். காலையில் சட்டை மாட்டிக்கொண்டுதான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அவர் வீட்டு நந்தியாவட்டையில் ஒருநாள் நீளமாக ஒரு பச்சைப் புழு, நீலக்கண் இரண்டைக் காட்டித் தலையைத் தூக்கியது. நாங்கள் பிள்ளைகள் பாம்பு என்று ஓடினோம். அவர் எங்களைத் திரும்பக் கூப்பிட்டு, புழுவின் பக்கத்தில் விரலை வைத்து, "பாம்பு இல்லடா தம்பி, பாம்பு வேஷம்" என்றார். பிறகு அது பழுப்பு நிறமாக மாறி, செடியைவிட்டு இறங்கி, கீழே கிடந்த சருகுக்குள் நுழைந்துகொண்டது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அந்தச் செடிக்கடியில் மட்டும் பெருக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவைத்திருந்த காரணம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பச்சைப் பளிங்கில் சித்திரம் எழுதிய மாதிரி ஓர் அந்துப்பூச்சி அவர் வீட்டுத் தூணில் உட்கார்ந்திருந்தது. தெருப்பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் காட்டினார். யாரும் தொடவில்லை.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற அம்மையார் தன் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த உயிர்களை முப்பது ஆண்டுகள் பொறுமையாகக் குறித்துவைத்தார். செடிகளையும் சேர்த்து 2,673 வகை உயிர்களை அந்த ஒரே தோட்டத்தில் கண்டார். குளிர்நாட்டில், ஊருக்கு நடுவே, சாதாரண ஒரு வீடு. வருடம் முழுவதும் வெயிலும் இரண்டு மாதம் மழையும் உள்ள நம் ஊரில் அப்படி ஒருவர் உட்கார்ந்து எண்ணினால் என்ன கிடைக்கும் என்று எனக்குப் பெரிய ஆவல்.

அந்த ஆவலில்தான் ஒன்று கேட்கிறேன். அடுத்த இதழிலிருந்து வாசகர் கடிதப் பகுதியில் அரைப்பக்கம் இதற்காக ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டில் கடிபட்ட இலை ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்கள். என்ன செடி, எந்தத் தெரு, தின்றது யார் என்ற மூன்றும் போதும். பெயர் தெரியாத புழுவானால் என்ன நிறம், எந்த இலை என்று எழுதுங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம். பள்ளிப்பிள்ளைகள் வரைந்து அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி.

முத்தியால்பேட்டை வாசகியிடமிருந்து நேற்று மறுகடிதம் வந்தது. நான்கு புழுக்களில் ஒன்றைத் தவிட்டுக்குருவி கொத்திப் போய்விட்டதாம். ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. மீதி இரண்டில் ஒன்று தொட்டி விளிம்பிலும் இன்னொன்று துணிக்கொடி கட்டிய கம்பியிலும் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பியில் இருந்தது ஒருநாள் இரவு கருத்துப்போனதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். காலையில் எழுந்து வந்தபோது கூடு வெறும் தோலாக இருந்தது. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த பேத்தியின் பள்ளிச் சட்டைமேல் கசங்கிய கருஞ்சிறகோடு அது உட்கார்ந்திருந்தது. சிறகு விரிந்து காயும்வரை அந்தச் சட்டையை எடுக்கவில்லை, பேத்தி அன்றைக்கு வேறு சட்டையில் பள்ளிக்குப் போனாள் என்று எழுதியிருக்கிறார். கறிவேப்பிலையில் புதுத் துளிர் வந்துவிட்டதாம்.

அன்புடன்,
ஆசிரியர்